யார் அந்த நாலு பேர்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கூட்டமும் தனிமனிதரும்'. இது ஒரு பட்டப்படிப்புக்கே போதுமான தலைப்பு. நான் அதைச் சுருக்கி, நம் வீடுகளில் புழங்கும் ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிக்கொள்கிறேன். "நாலு பேர் என்ன சொல்வாங்க?"

வேறு சாதியில் ஒருவரைக் காதலிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறீர்கள். அப்பா "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்கிறார். சரி, அந்த நாலு பேரில் ஒருவர் பெரியப்பாதானே, அவரிடமே கேட்போம் என்று போனால், "எனக்கென்னம்மா, சொந்தபந்தம் ஒத்துக்காதே" என்கிறார். மாமாவைக் கேட்டால் பங்காளிகளைக் கைகாட்டுகிறார். பங்காளிகள் ஊரைக் கைகாட்டுகிறார்கள். ஊரைக் கேட்கலாம் என்றால் அதற்கு வாயும் இல்லை, முகவரியும் இல்லை.

இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலர் தங்கள் சாதி வெறியை நாலு பேரின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள். சிலர் உண்மையாகவே பயப்படுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு யார் எந்த ரகம் என்று தெரியாது. நமக்கு மட்டுமில்லை, அவர்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் தெரியாது. இன்றைய பேச்சு முழுக்க இந்த 'தெரியாது' பற்றித்தான்.

'ஊர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஊர் கூடி முடிவு பண்ணிருச்சு" என்கிறோம். யார் கூடினார்கள்? பல கிராமங்களில் ஊர்க் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம், அதாவது அந்தக் குடும்பத்தின் ஆண். கல்யாணமாகாத இளைஞனுக்குத் தலைக்கட்டு இல்லை. பெண்ணுக்கு இல்லை. சேரிக்கு இல்லவே இல்லை. 'ஊரும் சேரியும்' என்று தனித்தனியாகச் சொல்கிற மொழி நம்முடையது, ஊர் என்ற சொல்லே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடுகிறது. ஆக, ஊர் முடிவு என்பது ஊரில் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியின் முடிவு. அந்தச் சிறு பகுதிக்குள்ளும் கை தூக்கி எண்ணிப் பார்ப்பது கிடையாது.

நான் சில ஊர்க் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் பேசுவது யார் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். நிலமுள்ளவர், கோயில் பொறுப்பில் இருப்பவர், கட்சியில் ஆள் வைத்திருப்பவர் முதலில் பேசுவார். அடுத்தவர் "அண்ணன் சொன்னதுதான் சரி" என்பார். மூன்றாவது ஆள் துண்டைத் தோளில் சரிசெய்துகொள்வார். மற்றவர்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் "ஊரே சம்மதிச்சிருச்சு" என்று எழுந்துவிடுவார்கள். மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அறுபது பேரின் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியாது. எதிரே இருப்பவர் மௌனத்தைப் பார்த்து இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். இவர் மௌனத்தைப் பார்த்து அவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் நடத்திய சோதனையை உங்களில் சிலர் பாடத்தில் படித்திருக்கலாம். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒருமுறைகூட யாரும் தப்புச் சொல்வதில்லை, அவ்வளவு எளிது. ஆனால் அறையில் உள்ள மற்ற எல்லோரும் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, விஷயம் தெரியாத அந்த ஒருவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அந்தத் தப்பையே தானும் சொன்னார். கால்வாசிப் பேர் கடைசிவரை ஒருமுறையும் பணியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் இந்தக் கால்வாசியை மறந்துவிடும்.

பலர் இத்தோடு "மனிதர்கள் ஆட்டுமந்தை" என்று கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஆஷ் அதற்குப் பிறகு சோதனையில் செய்த மாற்றங்கள். ஒன்று, பதிலை வாயால் சொல்லாமல் தனியாக எழுதச் சொன்னார். பணிவது வெகுவாகக் குறைந்தது. இரண்டு, அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். தப்பு முன்பு இருந்ததில் கால்வாசியாக இறங்கியது. மற்றவர்கள் எல்லோரும் அப்படியேதான் இருந்தார்கள், துணைக்கு ஒரு குரல் வந்தது, அவ்வளவுதான். மூன்றாவது மாற்றம்தான் கொஞ்சம் கசப்பானது. துணையாக இருந்த அந்த ஆள் பாதியில் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்தபோது, தப்பு ஏறக்குறைய பழைய அளவுக்கே ஏறிவிட்டது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பாப்பாபட்டிக்கு வாருங்கள்.

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996 உள்ளாட்சித் தேர்தலில் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் என்பது ஒரு நாடகமாக நடந்தது. வேட்புமனு போட ஆள் வராது. வந்தால் திரும்பப் பெற வைப்பார்கள். அதையும் மீறித் தேர்தல் நடந்தால், ஆதிக்க சாதியினர் தாங்களே நிறுத்திய தலித் ஒருவரை ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்குவார்கள். தேர்தல் ஆணையம் மறுபடி அறிவிக்கும், மறுபடியும் அதே கதை நடக்கும்.

வாக்குச்சீட்டு என்பது ஆஷின் 'எழுதிக் கொடுக்கும் பதில்' போன்றதுதான். ஒருவர் மட்டும் போய் நிற்கிற மறைவிடம் அது. சட்டம் அந்த மறைவிடத்தைக் கொடுத்திருந்தது. ஆனால் ஊர் அதற்கு ஒரு படி முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டது. வாக்கில் ரகசியம் உண்டு, வேட்புமனுவில் ரகசியம் இல்லை. மனுவில் பெயர் எழுத வேண்டும், முன்மொழிபவர் கையெழுத்துப் போட வேண்டும், எல்லோரும் பார்க்க ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்து போக வேண்டும். முதல் குரல் வெளிப்படையாக வந்தே ஆக வேண்டிய இடம் அது என்பதால் ஊர் அங்கேயே காவல் நின்றது. அதற்கடுத்து அந்த ராஜினாமாக் கடிதம். ஜெயித்தவர் ராஜினாமா செய்த ஒவ்வொரு முறையும், "பார்த்தாயா, அவனே ஊர்ப் பக்கம் வந்துட்டான்" என்ற செய்தி சேரிக்கும் போனது, ஊருக்குள் தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் போனது. பாதியில் பக்கம் மாறிய ஆள் ஆஷின் அறையில் என்ன செய்தாரோ, அதையே இந்தக் கடிதமும் செய்தது. ராஜினாமா செய்தவரை நான் குற்றம் சொல்லவில்லை. 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பட்டப்பகலில் பேருந்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆறு உயிர்கள். ராஜினாமா செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று மதுரை மாவட்டத்தில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். மதுரை மாவட்ட ஆட்சியராக அப்போது உதயச்சந்திரன் இருந்தார். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பல ஆண்டுகள் கொடுத்த அழுத்தம் பின்னால் இருந்தது. மாநில அரசு இதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். 2005இல் இருந்த அதே மக்கள்தான் 2006இலும் இருந்தார்கள். ஒரே வருடத்தில் அவர்கள் மனதிலிருந்து சாதி கழன்று விழுந்திருக்காது. எதிர்த்து நிற்பவர் தனியாக இல்லை என்று ஆனது. அரசு இந்தமுறை பின்வாங்காது என்பதும் தெரிந்தது. மாறியது அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. "மக்கள் மனம் மாறாமல் ஒன்றும் மாறாது" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தத் தேர்தல்தான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியின் ஆதிக்க சாதியான பிரமலைக் கள்ளர்களைத்தான் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தினான். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்து நின்றதற்காகப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தனி ஆளைப் பார்க்காமல், பிறந்த கூட்டத்தைப் பார்த்து மனிதரை எடைபோடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அனுபவித்துத் தெரிந்தவர்கள். அந்த அனுபவம் சேரிக்காரரைப் பார்க்கும்போது உதவவில்லை. அடிபட்டவருக்குத் தானாகவே அறிவு வந்துவிடும் என்று நம்புவதை நாம் விட்டுவிடலாம்.

ஆஷின் சோதனைக்கு வருவோம். அங்கே மாற்றிச் சொன்னவருக்கு என்ன நட்டம்? கொஞ்சம் வெட்கம். யாராவது சிரித்திருப்பார்கள். வெறும் வெட்கத்துக்கே மூன்றில் ஒரு முறை பணிந்தார்கள். ஊரில் விலை அப்படி இல்லை. சேரி எதிர்த்தால் வயலில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, டீ கிடையாது, மாடு மேய்க்க இடம் கிடையாது, நடக்கப் பாதை கிடையாது. ஊருக்குள்ளேயே ஒருவர் எதிர்த்தால் அவரிடம் கோயில் வரி வாங்க மாட்டார்கள். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், வரி மிச்சம்தானே என்று தோன்றும். வரி வாங்கவில்லை என்றால் தலைக்கட்டு போயிற்று என்று பொருள். நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. "நாலு பேர் வேணும்" என்பதில் உள்ள நாலு பேர் பாடை தூக்குகிற நாலு பேர்தான். நம் பெற்றோர் பயப்படும்போது அடிமனதில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றும். நகரத்துக்கு வந்து முப்பது வருடம் ஆனாலும், கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும் என்று தெரிந்தாலும் அந்தப் பயம் போவதில்லை.

அம்பேத்கர் இதை மிகத் தெளிவாகப் பார்த்தார். சாதியின் உண்மையான ஆயுதம் விலக்கிவைக்கும் அதிகாரம், அதற்கும் மரண தண்டனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற பொருளில் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அந்த நூல் பிறந்த கதையே நம் தலைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1936இல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல், அதாவது சாதியை உடைக்கும் சங்கம், தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்ததும் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றத் தயாராக இல்லை. மாநாடே ரத்தானது. அவர் அதைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, சாதியை எதிர்த்துச் சங்கம் வைத்தவர்கள். ஆனாலும் அவர்களுக்கும் ஒரு நாலு பேர் இருந்தார்கள். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் காட்டமாகப் பதில் சொன்னார். அரசியல் சட்டம் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். ஊர் முடிவைப் பார்த்த யாருக்கும் அந்த மகிழ்ச்சி புரியும்.

ஒரு பக்கம் பயம் என்றால், இன்னொரு பக்கம் தவறான கணக்கு. அமெரிக்காவில் ஹியூபர்ட் ஓ'கார்மன் என்ற சமூகவியலாளர் 1968ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பை எடுத்து ஆராய்ந்து 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இனப் பாகுபாட்டை, அதாவது கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிவைப்பதை, மற்ற வெள்ளையர்கள் எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று வெள்ளையர்களிடம் கேட்டால், உண்மையில் இருந்ததைவிட மிக அதிகமாகவே சொன்னார்கள். தான் ஆதரிக்காதவர்கூட "எங்கள் பக்கத்து ஆட்கள் ஆதரிக்கிறார்கள்" என்றார். அந்த நினைப்பை வைத்துத்தான் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடிக்கொண்டது அடுத்தவர் கணக்கில் இன்னொரு ஆதரவாகச் சேர்ந்தது. நம் பெரியப்பாவும் மாமாவும் பங்காளியும் செய்கிற கணக்கும் இதுதான். சாதி நிற்பதற்கு எல்லோரிடமும் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. சிலரிடம் வெறுப்பும், மற்றவர்களிடம் "எல்லோருக்கும் இருக்கிறது" என்ற நம்பிக்கையும் இருந்தால் போதும்.

இப்படிச் சொல்லும்போது ஓர் ஆபத்து உண்டு. "பாவம், கூட்டத்தோடு போய்ட்டாங்க" என்று மன்னிக்கும் வாதமாக இது மாறிவிடும். 1895இல் குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர் கூட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கூட்டத்தில் சேர்ந்ததும் மனிதர் அறிவிழந்து வெறி பிடித்தவராகிவிடுகிறார் என்பது அவர் வாதம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடித்த கோட்பாடு அது. சாதிக் கலவரம் நடந்தால் நம் செய்தித்தாள்கள் இன்றைக்கும் அதையே எழுதுகின்றன, 'உணர்ச்சிவசப்பட்ட கும்பல்' என்று. 2012 நவம்பர் 7இல் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. சாலையில் மரத்தை வெட்டிப்போட்டு மறித்தார்கள். வீட்டுக்குள் புகுந்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு பிறகு கொளுத்தினார்கள். அறிவிழந்தவர்கள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டா தீ வைப்பார்கள்?

கண்ணகி – முருகேசன் கொலையும் அப்படித்தான். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம், சாதி மீறித் திருமணம் செய்துகொண்ட இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ஊர் அறிய நடந்தது. நீதி கிடைக்க 18 ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் காவல்துறையினர். ஊர் மௌனமாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது, அரசும் அந்த ஊரில் ஒரு தலைக்கட்டாக உட்கார்ந்திருந்தது.

கூட்டம் என்றாலே கேடு என்றும் நான் சொல்ல வரவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பலர் மேடையில் நின்று தங்கள் பெயரின் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து தனியாக வெட்டியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஊரறியச் செய்ததால் அடுத்தவருக்குத் தைரியம் வந்தது. பெயரில் சாதி போடுவது கூச்சமான காரியம் என்ற நிலை தமிழ்நாட்டில் வந்தது கூட்டத்தின் பலத்தால்தான். சுயமரியாதைத் திருமணமும் ஒருவகையில் நாலு பேரை மாற்றும் ஏற்பாடு. உன் சாதியின் நாலு பேர் வராவிட்டால் என்ன, இயக்கத்தின் நாலு பேர் வருகிறோம் என்றார் பெரியார். பெயரில் வெற்றி கிடைத்தது. கல்யாணத்தில் பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் மேடையில் வந்த நாலு பேர் அடுத்த வாரம் அந்த மணமக்களின் வீட்டுக்கு வந்தார்களா என்பது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஆதிக்க சாதிக் குடும்பங்களில் பிறந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். நம் அரசியலில் முதல் குரல் எப்போதும் தலித்துகளிடமிருந்தே வருகிறது. மனு போடுவதும், கோயிலுக்குள் நுழைவதும், செருப்புப் போட்டு நடப்பதும் அவர்கள்தான். அடி விழுவதும் அங்கேதான். ஆஷின் அறையில் கணக்கை மாற்றிய அந்த ஒற்றைத் துணைக் குரல் ஊருக்குள்ளிருந்து வர வேண்டும். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா சாதிப் பெருமை வீடியோ ஒன்றைப் போடுகிறார், கீழே பதினெட்டுக் கைகூப்பல்கள். நீங்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். பிறகு நம் குழுவில் வந்து "எங்க வீட்ல எல்லாரும் சாதி வெறி புடிச்சவங்க தோழர்" என்கிறீர்கள். எல்லாரும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களையும் சேர்த்து எண்ணித்தான் அங்கே இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். "சித்தப்பா, இது எனக்கு ஒப்புதல் இல்லை" என்று ஒரு வரி போடுங்கள். சண்டை போட வேண்டாம், நீண்ட கட்டுரை எழுத வேண்டாம். போட்ட பிறகு பொங்கலுக்குப் போய் "சும்மா சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்வதைவிடப் பேசாமலே இருந்திருக்கலாம்.

நம் வட்டத்துக்கும் இதையே சொல்கிறேன். இங்கேயும் மூத்த தோழர் முதலில் பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். முக்கியமான முடிவு எடுக்கும் முன் ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்குங்கள். வயதில் சின்னவரை முதலில் பேசவிடுங்கள். இதற்குக் காசு ஒன்றும் செலவாகாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாகவே சேர்த்திருக்கிறது. ஆனால் ஆதிக்க சாதிக்குள் சாதி மீறியதற்காக ஒதுக்கிவைக்கப்படும் ஒருவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மகாராஷ்டிரம் 2016இல் எந்தச் சாதியினராக இருந்தாலும் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. நாமும் அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும்.

இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது பழக்கத்தில் "ஊர் மக்கள் எங்களை ஒதுக்கிவைத்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறோம். ஆய்வாளருக்கு அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. ஊர் மக்கள் மீது எப்படி வழக்குப் போடுவார்? எந்தத் தேதி, எந்த இடத்தில் கூடினார்கள், முதலில் பேசியது யார், என்ன சொன்னார், வழிமொழிந்தது யார், கடைக்காரரிடம் போய்ச் சாமான் கொடுக்கக் கூடாது என்று சொன்னது யார், பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். தகப்பன் பெயரோடு எழுதுங்கள். ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே நோக்கத்தோடு சட்டவிரோதமாகக் கூடியிருந்தால், அந்த நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு அத்தனை பேரும் பொறுப்பு என்று சொல்லும் பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 149. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. மாதிரிப் புகார் ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டுபவர்கள் படி எடுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டுக் கேள்விகளுக்குப் போவோம்.